குழந்தையோடு கடல் கடக்கும் முன்



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் தோட்டப்புறங்களில் ஒரு பேச்சு எழும். "இந்த வருஷமாவது பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்திக்கொண்டு வந்துவிட வேண்டும்" என்பதே அந்தப் பேச்சு. ஊர் என்றால் நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் இவற்றில் ஏதோ ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். பாட்டனார் விட்டு வந்த ஊர். பிள்ளைகளின் பெற்றோரே அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த ஊருக்குச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வதற்கு என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் இன்று நாம் பேச இருக்கிறோம்.

முன்பெல்லாம் இந்தப் பயணம் கப்பலில் நடந்தது. 1926ஆம் ஆண்டு முதல் 1970களின் தொடக்கம் வரை 'ரஜுலா' என்னும் கப்பல் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் நம் துறைமுகங்களுக்கும் இடையே ஓடியது. அதன் பின் 'சிதம்பரம்' வந்தது. 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்ததோடு அதன் பயணிகள் சேவையும் முடிந்து போயிற்று. கப்பல் பயணத்தில் துன்பம் மிகுதிதான். தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் அதை நன்றாக அறிவார்கள். ஆனாலும் அதில் ஒரு வசதி இருந்தது. போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்ததால், அந்த ஒரு வாரத்தில் குழந்தையின் தூக்கமும் வயிறும் மனமும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றத்துக்குப் பழகிக்கொண்டன. இன்றோ கோலாலம்பூரில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் சென்னை அல்லது திருச்சி. காலையில் லயத்து வாசலில் விளையாடிய பிள்ளை, பிற்பகலில் வேறொரு வெயிலில், வேறொரு தண்ணீருக்கு முன்னால், முகமறியாத ஐம்பது உறவினர் நடுவே நிற்கிறது. அந்த ஒரு வாரத்தில் கப்பல் செய்து கொடுத்த வேலையை, இப்போது புறப்படுவதற்கு முன்பே வீடு செய்து முடிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் செய்யப்படாமல் விடப்படுவது இதுதான் என்பது நம் எண்ணம்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, குழந்தையின் பிறப்புப் பத்திரம். பயணச் சீட்டுக்கு முன்னால், பெட்டிக்கு முன்னால், கோயில் பூசாரிக்குத் தகவல் சொல்வதற்கும் முன்னால் பிறப்புப் பத்திரத்தை எடுத்து நிதானமாக ஒரு முறை படித்துப் பாருங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், ஆண்டுதோறும் முதலாம் வகுப்புப் பதிவின் போது ஆசிரியர்களாகிய எங்கள் மேசைக்கு இந்தப் பத்திரங்கள் வருகின்றன. பிள்ளை பிறந்து ஆறு ஆண்டுகள் ஆன பின்னும் அதில் எழுதியிருப்பதைப் பெற்றோர் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை என்பது அப்போது தெரிகிறது. பெயரில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருப்பது சிறிய செய்தி; தேசியப் பதிவிலாகாவுக்குச் சென்று விண்ணப்பித்துத் திருத்திக்கொள்ளலாம். தந்தை பற்றிய பகுதியில் தகவல் பெறப்படவில்லை என்றோ, குழந்தையின் குடியுரிமைப் பகுதியில் 'புக்கான் வார்கநெகாரா', அதாவது குடிமகன் அல்லன் என்றோ இருந்தால் அது பெரிய செய்தி. அந்தக் குழந்தை மலேசியக் கடப்பிதழ் பெற முடியாது.

நம் தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு இது நேர்ந்தது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், மூன்று வயதுப் பேரன் என்று ஐவருக்கும் விமானச் சீட்டு வாங்கியாகிவிட்டது. பேரனுக்குக் கடப்பிதழ் எடுக்கச் சென்றபோதுதான், அவன் குடிமகனாகப் பதிவாகவில்லை என்று தெரிந்தது. மகனுக்கும் மருமகளுக்கும் மாரியம்மன் கோயிலில் ஊரறியத் தாலி கட்டித்தான் திருமணம் நடந்தது. ஆனால் அது அரசாங்கத்தில் பதிவு செய்யப்படவில்லை. மருமகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான் என்றாலும், குடியுரிமை இல்லாதவராக இருந்தார். முடிவில் நால்வர் போகவில்லை. பாட்டி மட்டும் தனியாகப் போய் வேண்டுதலைச் செலுத்தி வந்தார். யாருக்காக நேர்ந்துகொண்டாரோ அந்தப் பேரன் இங்கேயே இருந்தான்.

இதன் காரணத்தைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல், முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் பதிவு செய்யப்பட்டால்தான் சட்டத்தின் கண்ணுக்குத் திருமணங்கள். கோயிலில் நடந்தாலும் மண்டபத்தில் நடந்தாலும் பதிவு இல்லையென்றால், பிறக்கும் குழந்தை சட்டப்படி தாயின் நிலையைத்தான் பெறும். தாய் குடியுரிமை உள்ளவராக இருந்தால் பாதகமில்லை. தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், தந்தை நீல அட்டை வைத்திருந்தாலும் குழந்தைக்கு அது உதவாது. பிறகு போய்த் திருமணத்தைப் பதிவு செய்தாலும் குடியுரிமை தானாக வந்துவிடுவதில்லை. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ், குறித்த வயது வரம்புக்குள், அரசாங்கத்திடம் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அது மாதக் கணக்கில் முடிவதில்லை, ஆண்டுக் கணக்கு. ஆகவே இந்தச் செய்தி ஊர்ப் பயணத்தோடு நிற்பதன்று. பயணத்தை ஒட்டி அது வெளிப்பட்டால், அதுவும் ஒரு நன்மைதான். பிள்ளை பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது வெளிப்படுவதைவிட, மூன்று வயதில் வெளிப்படுவது மேல். குழந்தை பிறந்தால் அறுபது நாளுக்குள் பதிவு செய்யுங்கள். தாலி கட்டுமுன் பதிவுத் திருமணம் முடிந்திருக்கட்டும்.

பத்திரம் சரியாக இருந்தால் அடுத்தது கடப்பிதழ். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நூறு ரிங்கிட் கட்டணம், ஐந்தாண்டுக்குச் செல்லும். கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். குடிநுழைவு இலாகாவுக்குப் போகும்போது தாயோ தந்தையோ பிள்ளையுடன் இருக்க வேண்டும். மூலப் பிறப்புப் பத்திரமும் பெற்றோர் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். பிள்ளைக்குக் கருநிறச் சட்டை போட்டு அழைத்துச் செல்லுங்கள். விடுமுறைக்கு முந்திய வாரங்களில் அங்கே கூட்டம் சொல்லி முடியாது. இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே எடுத்துவிடுவது நல்லது.

முன்பே எடுத்த கடப்பிதழ் வீட்டில் இருந்தால், அது முடியும் தேதியைப் பாருங்கள். இந்தியாவுக்குச் செல்ல ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். விசாவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. அதைக் கணினி வழியாகவே இப்போது பெறலாம். ஆனால் இந்திய அரசாங்கத்தின் தளத்தைப் போலவே தோற்றம் காட்டும் வேறு தளங்கள் பல உண்டு. பணம் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். தளத்தின் முகவரியில் இந்திய அரசுக்குரிய முடிவு இருக்கிறதா என்று விவரம் அறிந்த ஒருவரைக் கொண்டு பார்த்த பின் பணம் கட்டுங்கள். பிள்ளையின் பெயரைச் சீட்டிலும் விசாவிலும் கடப்பிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும். 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்று நம் பெயர்களுக்கு நடுவே வருவதை இந்திய நாட்டு அதிகாரிகள் பலர் கண்டதில்லை. ஓரிடத்தில் எழுதி ஓரிடத்தில் விட்டால், இரண்டு பேர் பெயர் போலத் தோன்றும்.

தாத்தா பாட்டியோடு மட்டும் பேரப்பிள்ளைகளை அனுப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. பெற்றோருக்கு விடுப்புக் கிடைக்காது. முதியவர்களுக்கோ பொழுது உண்டு. நல்லதுதான். ஆனால் பிள்ளையைக் கூட்டிச் செல்ல இன்னாருக்குச் சம்மதம் தருகிறோம் என்று தாய் தந்தை இருவரும் எழுதிக் கையெழுத்திட்டு, சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரை பெற்ற கடிதம் ஒன்றைக் கையோடு கொடுத்தனுப்புங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் செல்லும்போதும் மற்றவரின் கடிதம் இருப்பது நல்லது. பிள்ளைக் கடத்தலைத் தடுக்க அதிகாரிகள் கேள்வி கேட்கிறார்கள். கேட்பது நம் பிள்ளைகளின் நன்மைக்காகத்தான். அக்கரையில் பிள்ளைக்கு மருத்துவமனைச் சேர்க்கை தேவைப்பட்டாலும் அந்தக் கடிதம் பயன்படும்.

இனி, எந்தப் பருவத்தில் போவது? 2026 முதல் நம் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. நீண்ட விடுமுறை ஆண்டிறுதியில் வருகிறது. தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் ஓடுதளத்தில் நீர் புகுந்து மூடினார்கள். ஆகவே நவம்பர், டிசம்பரில் செல்பவர்கள் இரண்டு மூன்று நாள் தாமதத்துக்குப் போதுமான பால்மாவும் மருந்தும் கைப்பணமும் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். மே மாதக் கத்திரி வெயிலில் செல்வதை நாம் விரும்பவில்லை. நம் நாட்டு வெயில் வியர்க்க வைக்கும். அந்த வெயில் வாட்டி எடுக்கும். மொட்டையடித்த சிறு தலைக்கு அது ஏற்றதன்று. முடியிறக்க வேண்டிய பிள்ளை பள்ளிக்கூடமே போகாத பிள்ளையாக இருந்து, மூத்த பிள்ளைகளும் இல்லையென்றால் ஜனவரி, பிப்ரவரியில் போகலாமே. அதுதான் அங்கே இதமான காலம்.

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்னதாகக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குச் செல்லுங்கள். நம் நாட்டில் அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசிகள் முறையாக முடிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தட்டம்மை ஊசி ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் போடப்படுகிறது. அதற்கு முன்பே போக வேண்டியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி ஆலோசனை பெற வேண்டும். டைபாய்டு காய்ச்சலுக்கும், ஏ வகை மஞ்சள் காமாலைக்கும் ஊசிகள் உண்டு. இவை இலவசப் பட்டியலில் இல்லாதவை; காசு கொடுத்துப் போட வேண்டும். உறவினருக்கு வாங்கிச் செல்லும் பரிசுப் பொருள்களில் ஒன்றிரண்டைக் குறைத்தால் அந்தக் காசு வந்துவிடும். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டு வாரமாவது ஆகும். முந்தின நாள் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வதில் பயனில்லை.

இதுவரை சொன்னவை காகிதமும் ஊசியும். இனிச் சொல்லப் போவது ஆசிரியர்கள் என்ற முறையில் நாம் முக்கியமாகக் கருதுவது. பயணத்தைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். போகப் போகிற பிள்ளையிடம் மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "அதற்கு என்ன தெரியும்?" என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். "மேலே பறக்கும் விமானத்தில் ஏறுவோம், காது கொஞ்சம் அடைக்கும், இறங்கினால் பெரிய பாட்டி வீடு, அங்கே மாடு இருக்கும், உன் தலைமுடியை எடுப்பார்கள், மறுபடி வளரும்" என்று பத்து நாள் கதையாகச் சொன்னால் பதினோராம் நாள் பிள்ளை உங்களுக்கே சொல்லும். பெரிய பிள்ளைகளுக்கு உலகப் படத்தை விரித்து, வங்காள விரிகுடாவை விரலால் கடக்கச் சொல்லுங்கள். கொள்ளுப்பாட்டன் அந்த நீரில் எதிர்த் திசையில் வந்தவர் என்பதையும், பினாங்குக்கு அருகில் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகப் பலர் நாள் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும் வரலாறு, பயணத்துக்கு முன் சொன்னால் மறக்காது.

பழக்கங்களையும் முன்கூட்டியே மாற்றலாம். கிராமத்து வீட்டுக் கழிப்பறை குந்தி உட்காரும் வகையாக இருக்கலாம். உட்காரும் வகைக்கே பழகிய பிள்ளைகள் அங்கே பயந்து, நாள் முழுதும் சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்து நோயை வரவழைத்துக்கொள்கின்றன. நம் தோட்டத்துப் பழைய கழிப்பறையிலோ பள்ளியிலோ சில நாள் பழக்கிவிடுங்கள். பாட்டிலில் உள்ள தண்ணீரையே குடிப்பது, பல் துலக்கவும் அதே தண்ணீர், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது ஆகியவற்றை ஒரு மாதம் முன்பிருந்தே விளையாட்டாகச் செய்து வந்தால், அங்கே போய் அதட்ட வேண்டியிருக்காது.

மொழியையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளை பேசுவது தமிழ்தான். ஆனால் அதில் மலாய்ச் சொல் எது, தமிழ்ச் சொல் எது என்று அதற்குத் தெரியாது. 'ஊபாட் வேணும்' என்று பிள்ளை அழுதால், மருந்து கேட்கிறது என்று அந்த ஊர்ப் பாட்டிக்கு எப்படி விளங்கும்? பாசார், ஊபாட், கீச்சாப் போன்ற ஒரு பத்து இருபது சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களை வீட்டில் சொல்லிக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு இது பெரிய வேடிக்கையாக இருக்கும். இன்னொன்று: அங்கே உள்ள வீட்டையும் உணவையும் பார்த்து மூக்கைச் சுளிக்கக் கூடாது, 'எங்கள் வீட்டில் அது இருக்கிறது, இது இருக்கிறது' என்று அளக்கக் கூடாது என்று முன்பே சொல்லி வையுங்கள். பிள்ளைகள் அளப்பதில்லை; பெரும்பாலும் நாம்தான் அளக்கிறோம். நம்மைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்கின்றன.

மூட்டை முடிச்சுகளுக்கு வருவோம். நம்மவர் பெட்டியைத் திறந்தால் மைலோ, பிஸ்கட், சாக்லெட், கோடாலித் தைலம் இவைதான் மேலும் கீழும் இருக்கும். கோடாலித் தைலம் இல்லாமல் போனால் மலேசியாவிலிருந்து வந்ததை அவ்வூரார் நம்ப மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் முதலில் பிள்ளையின் பொருள். மிஞ்சிய இடத்தில் தைலம். விமானத்தில் கையில் வைத்துக்கொள்ளும் பையில் பிள்ளைக்கு இரண்டு மாற்றுடை, பெரியவருக்கும் ஒரு மாற்றுச் சட்டை, காய்ச்சல் மருந்து, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் மருத்துவர் சீட்டோடு, பால்மாவு, பிள்ளை தூங்கும்போது கட்டிப்பிடிக்கும் பழைய துணி அல்லது பொம்மை. அந்தப் பழைய துணியைத் துவைத்துப் புதுசாக்கிக் கொண்டு போக வேண்டாம். அதன் வாசனையில்தான் பிள்ளைக்கு வீடு இருக்கிறது. எல்லாப் பத்திரங்களின் நகலும் வேறொரு பையில் இருக்கட்டும்.

நூறு மில்லி லிட்டருக்கு மேற்பட்ட நீர்ப்பொருள்களைக் கைப்பையில் விடமாட்டார்கள். பயண நேரத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் இதில் விலக்கு உண்டு. சோதனையிடும் இடத்தில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் அமரலாம். இரண்டு நிரம்பிவிட்டால் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். போகும்போது இரண்டு நிரம்பாமல், திரும்பும்போது நிரம்பியிருந்தால் அதையும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விமானம் இறங்கத் தொடங்கியதும் காதுக்குள் அழுத்தம் மாறும். மூக்குக்கும் காதுக்கும் இடையில் உள்ள குழாய் குழந்தைகளுக்குச் சிறியது, எளிதில் அடைத்துக்கொள்ளும். விழுங்கும்போது அது திறக்கும். ஆகவே தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுங்கள், தூங்கினால் எழுப்புங்கள். பெரிய பிள்ளைகள் எதையாவது மென்றால் போதும். சளி பிடித்திருந்தால் புறப்படுமுன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இரவு ஒன்பதுக்குத் தூங்கும் நம் பிள்ளை அங்கே மாலை ஆறரைக்கே கண்ணயரும். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து விளையாடக் கூப்பிடும். நாளுக்கு அரை மணி என்று புறப்படுமுன் ஐந்து நாள் தூக்க நேரத்தைத் தள்ளி வைத்தால் இது பாதி சரியாகிவிடும். எப்படியும் முதல் இரண்டு நாளில் கோயில் சடங்கை வைக்காதீர்கள். முடியிறக்கும்போதும் காது குத்தும்போதும் உறையைப் பிரித்த புதுப் பிளேடு, புது ஊசி என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

வயிற்றுப்போக்கு என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு முறையாவது வரும். மருந்து தேடி ஓடுமுன் நீர்ச்சத்தைக் காக்க வேண்டும். அதற்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரேற்றப் பொடி, அதாவது ஓ.ஆர்.எஸ். பொடி, வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நம் கிளினிக்குகளில் தரும் சிறு பொட்டலம் பெரும்பாலும் 250 மில்லி லிட்டர் நீருக்கு உரியது. இந்தியக் கடைகளில் பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லி லிட்டருக்கு. ஒரு லிட்டர்ப் பொட்டலத்தை ஒரு குவளையில் கரைத்துக் கொடுத்துவிட்டால் உப்பு மிகுந்து பிள்ளைக்குக் கேடு செய்யும். பொட்டலத்தில் உள்ளதைப் படித்து, அளந்து கரையுங்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டுச் சர்க்கரைப் பானங்களையும் அங்கே விற்று வந்தார்கள். 2025 அக்டோபரில் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை நீக்க உத்தரவிட்டது. பொடியாகவே மருந்துக் கடையில் வாங்குவது நல்லது. ஒவ்வொரு முறை போன பின்னும் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 வரை, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிந்திருக்கிறது, மலத்தில் இரத்தம் இருக்கிறது என்றால் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். "பயணக் களைப்பு, சரியாகிவிடும்" என்று சொல்லும் பெரியவர்களிடம் அன்போடு மாறுபடுங்கள்.

தாய்மார்களே, வயிற்றுப்போக்கைவிட நாம் அஞ்சுவது நாய்க்கடி. நம் தீபகற்பத்தில் வெறிநாய்க்கடி நோய் அரிது. ஆகவே நம் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் தெரியாது. தெரு நாயைக் கண்டதும் தடவிக் கொடுக்க ஓடுவார்கள். இந்தியாவில் அந்த நோய் இன்னும் இருக்கிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. தோன்றுமுன் ஊசி போட்டால் காப்பாற்றலாம். எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நாயோ பூனையோ, மலைக்கோயில் குரங்கோ கடித்தால், நகத்தால் கீறினாலும்கூட, அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்குங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் போடுகிறார்கள். காயம் ஆழமாக இருந்தால் அதோடு வேறொரு மருந்தும் காயத்தில் செலுத்த வேண்டும்; கேளுங்கள். தவணை முடியுமுன் திரும்ப நேர்ந்தால் சீட்டைக் கொண்டுவந்து இங்கே மீதியைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் பெரிய அச்சம், திட்டுக்குப் பயந்து பிள்ளை கடிபட்டதை மறைத்துவிடுவது. 'நாய் தொட்டால், கீறினால், அம்மாவிடம் உடனே சொல், அடிக்க மாட்டேன்' என்று புறப்படுமுன்பே வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

கோயில் கூட்டத்தில் பிள்ளை கை நழுவலாம். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் முழுப் பெயரும் தாய் தந்தை பெயரும் சொல்லத் தெரிய வேண்டும். நம் வகுப்பில் 'உன் அப்பா பெயர் என்ன?' என்று கேட்டால் 'அப்பா' என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. தங்கும் ஊர்ப் பெயரையும் அங்கே பயன்படும் தொலைபேசி எண்ணையும் துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்து ஊசி குத்திவிடுங்கள். கூட்டத்துக்குப் போகும் நாளில் காலையில் பிள்ளையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், என்ன உடை என்று தேடும்போது தடுமாற வேண்டியதில்லை. அங்கே அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. கடப்பிதழ் தொலைந்தால் சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தை நாட வேண்டும். நகல் தனியாக வைத்திருந்தால் வேலை எளிதாகும்.

பள்ளி நாள்களில் போக நேர்ந்தால் தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். 'பாட்டி இறந்துவிட்டார்' என்று எழுத வேண்டாம். அதே பாட்டி அடுத்த மாதம் பள்ளி வாசலில் வந்து நிற்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

திரும்பி வந்த பிறகு ஒரு மாதம் வரை பிள்ளையின் உடம்பைக் கவனியுங்கள். டைபாய்டு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து வரக்கூடும். மலேரியா அதற்கும் பின்னால், சில மாதம் கழித்துக்கூட வரலாம். காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனால், மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்த ஊருக்கு எந்தத் தேதியில் போய் வந்தோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கடப்பிதழையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தேதி அதில் இருக்கிறது.